காயெடுத்த கைகள்

ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரே நாள். விடியலில் விரியும், மறுநாள் வாடிவிடும். வெள்ளை இதழ், நடுவில் ஊதா வரிகள். ஆள் உயரத்தைத் தாண்டி ஓங்கி நிற்கும் செடியின் உச்சியில் இந்தப் பூவைத் தேடினால் கிடைக்காது. அடித்தூரிலிருந்து கிளம்பி, ஈர மண்ணோடு மண்ணாகப் படரும் சரத்தில்தான் அது பூக்கும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றுக்கு அசையாது. அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்து உட்கார்ந்தால் காய் உண்டு, வராவிட்டால் பூ உதிர்ந்து போகும். தேனீ வருவதோ தன் கூட்டுக்குத் தேன் சேர்க்க. ஏலக்காய் என்று ஒன்று உருவாகப் போவது அதற்குத் தெரியாது.

அப்படிப் பிடித்த பிஞ்சு மூன்று, நான்கு மாதத்தில் முற்றுகிறது. மலையில் உலர்ந்து, போடிக்கு இறங்கி, ஏலம் போய், கை மாறிக் கை மாறி, ஏதோ ஒரு பெருமாள் கோயிலின் தீர்த்த வட்டிலில் பச்சைக் கற்பூரத்தோடும் துளசியோடும் மணக்கிறது. அர்ச்சகர் உத்தரணியால் எடுத்து நம் உள்ளங்கையில் விடுகிறார். குடித்துவிட்டு ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொண்டு நகர்கிறோம். அந்தத் தீர்த்தத்தில் எத்தனை பேருடைய ஒருநாள் உழைப்பு இருக்கிறது என்று நாம் நினைப்பதில்லை. அங்கே தம் உழைப்பு போய்ச் சேர்ந்தது அந்த உழைப்பாளிகளுக்கும் தெரியாது.

தெரியாமலே செய்த இந்தக் கைங்கரியத்துக்கு நம் சமய நூல்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஏலக்காய் வந்த வழியிலேயே நடந்து பார்ப்பது நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் சுவர் வைத்ததுபோல் எழும்புகிறது மலை. மேலே ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று விரியும் ஏலமலை. மரநிழலும் மூடுபனியும் ஈரமும் கேட்கும் பயிர் அது, கீழே சமவெளியின் வெயிலில் நிற்காது. ஆனால் அந்தச் செடிக்குப் பாடுபடும் கைகளில் பெரும்பகுதி கீழேயிருந்துதான் போகிறது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், போடி என்று பள்ளத்தாக்கின் ஊர்களில் இருந்து தினமும் விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. கம்பம்மெட்டு வழியாகச் சில, குமுளி வழியாகச் சில, போடிமெட்டு வழியாகச் சில.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே முன்பே இருந்த எல்லை மாநில எல்லையாக நிலைத்தது, வேலைக்குப் போகும் பாதை மாறவில்லை. இன்றும் ஒரு பெண் காலையில் தமிழ்நாட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, கேரளத்தில் எட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்துவிட்டு, இருட்டுவதற்குள் தமிழ்நாட்டில் விளக்கேற்றத் திரும்புகிறாள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோதும், 2020-ல் ஊரடங்கு வந்தபோதும் அந்த மலைப்பாதைகள் அடைபட்டன. காய் சரத்திலேயே பழுத்து நின்றது. எடுக்க ஆள் போக முடியாமல் பள்ளத்தாக்கின் வீடுகளில் அடுப்பு எரிவதே சிரமமாயிற்று.

ஜீப் நிற்கும் முக்கில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் காயைப் பற்றித்தான்.

“மதினி, இன்னைக்கும் நேத்துத் தோட்டந்தானா?”

“இல்லத்தா, மேலத் தோட்டம். அங்கிட்டுக் காய் பழுக்க ஆரம்பிச்சிருச்சாம். வெரசா எடுக்கணும்னு கங்காணி சொல்லிவிட்டாரு.”

வெரசா எடுக்க வேண்டியது உண்மை. இளசாக எடுத்தால் உலரும்போது சுருங்கி எடை போய்விடும். பழுக்க விட்டால் வெடித்துவிடும், நிறமும் மஞ்சளாகும். தோல் பச்சையாகவே இருக்க வேண்டும், உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும். அந்த நடுப்பதத்தை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற கண் காயெடுப்புப் பெண்களுக்கு உண்டு. செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, சரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் அந்தச் சரத்தில் இன்றைக்குப் பதமாக இருக்கிற இரண்டோ மூன்றோ காயை மட்டும் கிள்ளுகிறார்கள். பிஞ்சும் பூவும் அதே சரத்தில் இருக்கும். அவற்றில் கைபடக்கூடாது, அடுத்த சுற்றுக்கு அவை வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே தூருக்கு மறுபடி வருவார்கள். ஆடி, ஆவணியில் தொடங்கும் காயெடுப்பு தை, மாசி வரை இப்படிச் சுற்றிச் சுற்றி நடக்கும்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை அதிகம். விரலிடுக்கிலும் கணுக்காலிலும் ஏறிக்கொள்ளும். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, நனைந்தபடியே அடுத்த தூருக்கு நகர வேண்டும். மாலையில் எடை போடுவார்கள். பை தராசுக்குப் போகும், ஆள் ஜீப்புக்குப் போவார். காயும் கையும் பிரியும் இடம் அதுதான். அந்தப் பெண் எடுத்த காயை அவள் மறுபடி பார்க்க மாட்டாள். பார்த்தாலும் தன் காய் என்று அடையாளம் சொல்ல முடியாது.

மலையிலேயே இருக்கும் ஸ்டோரில் காய்க்கு அடுத்த கட்டம். கழுவி, தட்டுகளில் பரப்பி, அடியில் விறகெரித்து வரும் சூட்டில் உலர்த்துகிறார்கள். 45 முதல் 55 டிகிரி வரை சூடு. தாண்டினால் பச்சை போய்ப் பழுப்பாகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் உலர வேண்டும். அந்த இரவு முழுக்க ஒருவர் அடுப்பருகே விழித்திருந்து, விறகைத் தள்ளியும் இழுத்தும் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கிறார். ஐந்து கிலோ பச்சைக்காய் சுண்டி ஒரு கிலோ உலர்காய் ஆகிறது. சூடு ஆறுமுன் தேய்த்துக் காம்பும் வாலும் உதிர்க்கிறார்கள். மூட்டையில் கட்டும்போதுதான் நாம் அறிந்த மணம் அதற்கு முழுதாக வந்திருக்கும்.

பிறகு இறக்கம். போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே போடிநாயக்கனூர். இந்த ஊரின் பெயரே ஏலக்காயோடு ஒட்டிக்கொண்டது. மலைச்சரக்கை நம்பி 1928-ல் மதுரையிலிருந்து இங்கே ரயில் பாதை போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதைப் பணிக்காக நின்ற ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. இடையில் சரக்கு லாரியிலேயே போய்க்கொண்டிருந்தது.

நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் இங்கும் மலைமேல் புற்றடியிலும் ஏலம் நடக்கிறது. முன்பு குரல் கொடுத்து ஏலம் கேட்டார்கள், 2007 முதல் கணினித் திரையில் கேட்கிறார்கள். மாதிரிக் காயைக் கையில் உருட்டி, நிறம் பார்த்து, உரித்து விதையைப் பல்லில் கடித்து, வியாபாரி விலை அழுத்துகிறார். மழையும் வறட்சியும் விலையை ஆட்டி வைக்கும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயை ஒருமுறை தொட்டது. மற்ற ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழேயும் இறங்கியிருக்கிறது.

ஏலத்தில் எடுத்த காய் போடியின் கிட்டங்கிகளுக்குப் போகிறது. அங்கே மறுபடியும் பெண்கள். வெளிச்சம் விழும் பக்கமாக வரிசையாக உட்கார்ந்து, முன்னால் கொட்டிய குவியலிலிருந்து வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது என ஒவ்வொன்றாக ஒதுக்குகிறார்கள். சல்லடை 8 மில்லி, 7 மில்லி என்று பருமன் பிரிக்கும். நிறத்தைப் பிரிக்கக் கண்தான் வேண்டும். முதல்தரப் பச்சை ஒரு பக்கம், இளம்பச்சை ஒரு பக்கம். நாள் முழுக்க இந்த மணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அது அவர்கள் மூக்குக்கு எட்டுவதே நின்றுவிடும். சேலையில் ஏறிய வாசனையோ வீடு வரை கூடப்போகும்.

இந்த இடத்தோடு காயின் பூர்வீகம் முற்றாக அழிந்துவிடுகிறது. நூறு தோட்டத்துக் காய் ஒரே குவியலாகிவிட்டது. எந்தத் தூரில் பிறந்தது, யார் கிள்ளியது, எந்த இரவில் யார் விழித்திருந்து உலர்த்தியது, யார் பொறுக்கியது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அங்கிருந்து அது எல்லாத் திசையிலும் போகிறது. சவூதி வீடுகளில் விருந்தினருக்கு ஊற்றும் காப்பிக்கு, ஹைதராபாத் பிரியாணிக்கு, கொல்கத்தா இனிப்புக் கடைக்கு, நம் தெருமுனை டீக்கடைக்கு. கூடவே கோயில் மடைப்பள்ளிக்கும் போகிறது.

கோயில் என்றால் முதலில் திருமலையைச் சொல்ல வேண்டும். அங்கே லட்டு பிடிக்க ஒரு திட்டம் இருக்கிறது. 5,100 லட்டுக்கு 180 கிலோ கடலை மாவு, 165 கிலோ நெய், 400 கிலோ சர்க்கரை, 30 கிலோ முந்திரி, 16 கிலோ உலர்திராட்சை, 8 கிலோ கற்கண்டு, 4 கிலோ ஏலக்காய். கூட்டினால் 803 கிலோ. அதில் ஏலக்காயின் பங்கு லட்டுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு, மூன்று நான்கு காய் அளவு. அந்த மூன்று நான்கு காய் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே இது திருப்பதி லட்டு இல்லை என்று சொல்லிவிடுவோம். பழனிப் பஞ்சாமிர்தத்திலும் ஏலக்காய் உண்டு. ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலையே சாத்துகிறார்கள். தேர்வு நெருங்கும் மாதங்களில் பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் நேர்ந்துகொள்ளும் மாலை அது. பள்ளத்தாக்கிலேயே, கம்பத்தில் கம்பராயப் பெருமாள் சன்னிதியில் தீர்த்தம் வாங்கலாம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. சில மைல் தூரம்தான். ஆனால் காய் அங்கிருந்து நேராக வந்திருக்காது. ஏலம் போய், பொறுக்கி, மூட்டையாகி, சுற்றி வந்திருக்கும்.

எந்தக் கோயிலுக்கு எந்த மூட்டை என்று யாரும் தடம் பிடிக்க முடியாது. இந்தத் தடமின்மையில்தான் எனக்கு அந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது.

பிள்ளை உலகாசிரியர் என்று வைணவர்கள் போற்றும் பிள்ளை லோகாசாரியர் திருவரங்கத்தில் வாழ்ந்தவர். 1323-ல் தில்லிப் படை அரங்கத்தைத் தாக்கியபோது நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார். மதுரை ஆனைமலைக்கு அருகே ஜோதிஷ்குடியில், இன்றைய கொடிக்குளத்தில், அவர் பரமபதித்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. தேனியிலிருந்து கிழக்கே ஒருநாளில் போய் வந்துவிடக்கூடிய இடம். அவர் எழுதிய ஸ்ரீவசன பூஷணத்தில் அறியாமல் செய்த நற்செயலைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அஞ்ஞாத சுகிர்தம் என்று வைணவர் வழக்கில் அதைச் சொல்வார்கள்.

அவர் சொல்வதன் சாரம் இது. உயிர் தன்னிடம் வர இறைவன் ஏங்குகிறான். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். பெரிய தவமும் தானமும் செய்தவர்கள் சிலர்தான், மற்றவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறான். தற்செயலாக வாயில் வந்த தன் ஊர்ப்பெயர், வேறு வேலையாகப் போனபோது கண்ணில் பட்ட அடியார், அறியாமல் ஒருவருடைய தாகத்தைத் தீர்த்தது, அறியாமல் ஒருவர் ஒதுங்க நிழல் தந்தது. செய்தவருக்கு அது புண்ணியம் என்ற எண்ணமே இருந்திருக்காது. இறைவன் பிறவி பிறவியாக அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்துவைத்து, நீ எனக்கு இதைச் செய்தாய் என்று கணக்கில் எழுதுகிறான். பொன் வணிகன் உரைகல்லில் உரைத்த பொன்துகளைக் கூட வீணாக்காமல் மெழுகால் ஒற்றி ஒற்றி எடுத்துத் திரட்டுவதை லோகாசாரியர் இதற்கு உவமையாகச் சொல்கிறார். உரைகல்லில் ஒட்டிய துகளைக் கண்ணால் பார்ப்பதே கடினம். திரண்டபின் அது பொன்தான்.

உரைகாரர்கள் இதற்கு வயல்வெளியிலிருந்தே உதாரணம் எடுக்கிறார்கள். உழவன் தன் பயிருக்காக நீர் இறைக்கிறான். வழியில் வந்த அடியார் ஒருவர் அந்த வாய்க்காலில் கைகால் கழுவித் தாகம் தீர்த்துப் போகிறார். தான் காற்றாட உட்காரக் கட்டிய திண்ணையில் ஒரு வழிப்போக்கர் இளைப்பாறிப் போகிறார். உழவனும் வீட்டுக்காரனும் யாருக்கும் ஒன்றும் செய்ததாக நினைக்கவில்லை. இறைவன் நினைக்கிறான்.

சைவத்திலும் இந்தக் கணக்கு வேரோடிப் போயிருக்கிறது. அபுத்திபூர்வமான சிவபுண்ணியம் என்று சித்தாந்த நூலோர் சொல்வார்கள். பாமரருக்கு அது கதையாகத் தெரியும். வேதாரண்யத்தில் கோயில் விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலி. அதன் மூக்குப் பட்டு மங்கியிருந்த திரி தூண்டப்பட்டது, அந்தப் புண்ணியத்தால் எலி மாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. புலிக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறிய வேடன், தூக்கம் வராமலிருக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். கீழே லிங்கம் இருந்தது, அன்று சிவராத்திரி. எலிக்குப் பசி, வேடனுக்குப் பயம். பக்தி என்று சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை.

கூலிக்குக் காயெடுக்கும் பெண்ணும் அப்படித்தான். அவள் மனதில் இருப்பது வட்டிக்கடன், மகளின் காலேஜ் பீஸ், மழைக்குள் ஜீப் ஊர் போய்ச் சேருமா என்ற கவலை. அவள் கிள்ளிய காய் திருமலையில் சேர்ந்திருக்கலாம், டீக்கடையில் சேர்ந்திருக்கலாம். கோடிப் பேர் கை பட்டுக் கலந்த குவியலில் எந்தத் துகள் யாருடையது என்று பிரிக்க மனிதரால் முடியாது. மெழுகால் ஒற்றி எடுக்கிறவனால் முடியும் என்றுதான் லோகாசாரியர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பெருமாளையும் சிவனையும் கும்பிடுகிறவர்கள் இல்லை. உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் இஸ்லாமியர் ஏறுகிறார்கள், இராயப்பன்பட்டிப் பக்கத்திலிருந்து பனிமய மாதாவைக் கும்பிடுகிறவர்கள் ஏறுகிறார்கள். அவர்கள் கேட்காத புண்ணியத்தை அவர்கள் தலையில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. அவர்களுக்கு அவர்கள் இறைவனின் கணக்கு இருக்கிறது. தீர்த்தம் குடிக்கிற நான் யார் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்பதை மட்டும்தான் நான் சொல்லலாம். அந்தப் பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள்.

பட்டியல் கடல்கடந்தும் போகிறது. உலகில் இன்று ஏலக்காய் மிக அதிகமாக ஏற்றுமதியாவது குவாத்தமாலாவிலிருந்து. 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்டார். ஆல்ட்டா வெராப்பாஸ் மலைகளில் மாயா இன உழவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். அவர்கள் சமையலில் ஏலக்காய்க்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அவ்வளவும் கப்பலேறுகிறது. ரம்ஜான் இரவுகளில் அரபு வீடுகளில் நோன்பு திறந்தவர்களுக்கு ஊற்றும் காப்பி அந்த உழவர் தொட்ட காயால் மணக்கிறது. ஒரு கண்டத்தின் விருந்தோம்பலை இன்னொரு கண்டத்தின் உழவர் தெரியாமலே தாங்கி நிற்கிறார்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதுமே இப்படித் தெரியாமல் செய்த ஒன்றின் மேல்தான் வாழ்கிறது என்று தோன்றும். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்பியது. வறட்சியைத் தணிக்கவும் பாசனத்துக்கும் போட்ட திட்டம் அது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் முல்லை ஆற்றுத் தண்ணீரை மொண்டு கோயிலில் நட்ட கம்பத்துக்கு ஊற்றுகிறார்களே, அந்தத் தண்ணீரில் அணை நீரும் கலந்திருக்கிறது. பென்னிகுக்குக்கு இந்த ஊர்கள் பொங்கல் வைக்கின்றன, லோயர் கேம்பில் தமிழக அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அவர் பெயர் தெரிந்ததால் அது முடிந்தது. அந்த அணைக்குச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்து, மலைக்காய்ச்சலிலும் வெள்ளத்திலும் காலராவிலும் செத்துப்போன கூலிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அம்மனுக்கு ஊற்றும் ஒவ்வொரு குடத்திலும் அவர்கள் பங்கு உண்டு.

இதுவரை சொன்னது மணத்தை மட்டும். காய் வேறொன்றையும் சுமந்து வரும்.

2023 ஜனவரியில், மகரவிளக்குக் காலத்தில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் வரம்பைத் தாண்டியிருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்தது. கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஏறக்குறைய ஆறரை லட்சம் டப்பாக்கள் கிட்டங்கியில் முடங்கின. ஏலக்காய் இல்லாமலே அரவணை கிண்டி ஐயப்பமார்களுக்குக் கொடுத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், உயர்நீதிமன்ற உத்தரவு 2024-ல் ரத்தானது. முடங்கிய டப்பாக்கள் திரும்பப் பக்தர்களிடம் வரவில்லை.

தீர்ப்பு எப்படியானாலும், அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் பாயசம் நினைவுக்கு வரவில்லை. ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு நடக்கும் என்பது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். நாம் நாவில் ஒரு துளி வைப்பதற்கே அஞ்சுகிற மருந்தை, முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடிப்பவர் மூச்சோடு இழுக்கிறார். அதன் ஈரம் காயுமுன் அந்தத் தூரில் குத்தவைத்து உட்காருகிற பெண்ணின் கையில் உறை இருக்கிறதா? பக்தரின் வயிற்றுக்காக நீதிமன்றம் வரை போனோம். காயெடுத்தவளின் விரலுக்காக எங்கே போனோம்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக அஞ்ஞாத சுகிர்தத்தை யாராவது எடுத்து நீட்டினால், அதை நான் ஏற்க மாட்டேன். பாவம், கஷ்டப்படுகிறாள், ஆனால் புண்ணியம் சேருகிறது என்று சொல்லிக் கைகழுவுவது லோகாசாரியர் சொன்னதைத் தலைகீழாக்குவது. அவர் எழுதியது இறைவனுடைய தாராளத்தைப் பற்றி, நம்முடைய கஞ்சத்தனத்துக்கு அவர் சாட்சி எழுதித் தரவில்லை. அறியாமல் செய்த துளியைக்கூட இறைவன் விடாமல் சேர்க்கிறான் என்றால், அந்த அளவுக்கு உன்னிப்பாக அவன் ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் பொருள். அப்படிப் பார்க்கிறவன் அந்தக் கைக்குப் போகவேண்டிய கூலியில் யார் எவ்வளவு குறைத்தார் என்பதையும் பார்ப்பான்.

தேனீக்குத் தெரியாது. எலிக்கும் வேடனுக்கும் தெரியாது. காயெடுக்கும் பெண்ணுக்குத் தன் காய் போகும் இடம் தெரியாது. அவர்கள் அறியாமை குற்றமில்லாதது, அதனால்தான் அது புண்ணியமாகிறது. வாங்குகிற நமக்கு அந்த வசதி இல்லை. ஏலமலை எங்கே இருக்கிறது, யார் ஏறிப் போகிறார்கள், எத்தனை பேரை ஒரே ஜீப்பில் அடைத்து மலையேற்றுகிறார்கள், அப்படி உருண்ட ஜீப்புகள் எத்தனை குடும்பங்களை நிர்க்கதியாக்கின என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தபின் தெரியாதவர் கணக்கில் நாம் இடம் கேட்க முடியாது.

செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஏலக்காயை மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்களில் நம் தேவஸ்தானங்களும் அறநிலையத் துறைக் கோயில்களும் உண்டு. ஒப்பந்தம் போடும்போது பருமன், நிறம், ஈரப்பதம் என்று கேட்கிறார்கள். அதே தாளில் இன்னும் நான்கு வரி சேர்க்கலாம். வாங்குமுன் மருந்து எச்சப் பரிசோதனை வேண்டும். தோட்டத்தில் மருந்தடிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்திருக்க வேண்டும். ஆளேற்றும் வண்டியில் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கக் கூடாது. மலையில் எடுப்பவருக்கும் போடியில் பொறுக்குபவருக்கும் சட்டப்படியான கூலி போயிருக்க வேண்டும். பெருமாளின் பெயரில் வாங்குகிறவர் இவற்றைக் கேட்டால் மறுக்கிற வியாபாரி அதிகம் இருக்க மாட்டார். கோயில் கேட்கத் தொடங்கினால் மற்றப் பெரிய கொள்முதல்காரர்களும் கேட்க வேண்டிவரும்.

கோயில்கள் கேட்க வேண்டுமென்றால் முதலில் பக்தர்கள் கேட்க வேண்டும். அடுத்தமுறை உண்டியலில் காசு போடும்போது, அந்தக் காசில் வாங்கும் ஏலக்காயைப் பற்றியும் அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அறிந்தே செய்கிற புண்ணியத்துக்கு அது நல்ல தொடக்கம்.